மாநிலக் கருவூலத்தில் பழகிய கை: சி.சுப்பிரமணியம் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், சிறுதொழில் கடன் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இந்தியாவின் வட்டாரக் கிராம வங்கிகள் 1975 ஆம் ஆண்டில் சி.சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டவை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெயரின் முதலெழுத்தைப் பார்த்து மகாகவி பாரதியோடு குழப்பிக்கொண்ட இருவரைத் தவிர, மற்றவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்தே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்மாதம் வேறு பொருளுக்குப் போகாமல், அவரைப் பற்றியும் மாநில அரசின் பணப்பெட்டியைக் காக்கும் பதவியைப் பற்றியும் வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். "எங்க ஊர் சி.எஸ். நாட்டுக்கே கணக்குப் பார்த்தவர்" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அவர் உண்மையில் யார், எப்படி மேலே வந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா ஐயா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் தாத்தா பெருமைப்பட்டதில் தவறில்லை. சி.சுப்பிரமணியம் 1910 ஜனவரி 30 ஆம் நாள் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பின்பு சட்டம் பயின்று, கோயம்புத்தூரில் வழக்கறிஞர் தொழில் செய்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். இந்திய அரசியலமைப்பை வகுத்த அவையில் உறுப்பினராக இருந்தார். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சிற்றப்பா முறை என்பதை மலேசியாவிலுள்ள நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1952 முதல் 1962 வரை, பத்து ஆண்டுகள், சென்னை மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்தார். அதன்பின் டில்லிக்குச் சென்று எஃகுத் துறையையும், 1964 முதல் உணவு, வேளாண்மைத் துறையையும் ஏற்றார். 1974 அக்டோபரில் நாட்டின் நிதியமைச்சரானார். பெரும்பாலான கட்டுரைகள் அவரைப் பசுமைப் புரட்சியின் அமைச்சர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, சென்னையில் இருந்த பத்து ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில்தான் அவர் அவராக உருவானார் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் அதற்கான காரணங்களைச் சொல்ல முயல்கிறேன்.

கேள்வி: காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டவர் இவர் என்று படித்தேன். எதிர்த்து நின்றவரிடமே நிதியை ஒப்படைக்க ஒரு தலைவருக்கு எப்படி மனம் வரும்?
(வாசகர், சுங்கை பாக்காப்)

பதில்: நடந்தது 1954 இல். ராஜாஜி கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்ட, தொடக்கக் கல்வித் திட்டத்தால் எழுந்த கொந்தளிப்பில் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, ராஜாஜியின் ஆதரவோடு நின்றவர் அவருடைய அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 வாக்குகள்; சுப்பிரமணியத்துக்கு 41.

தோற்றவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். காமராஜரோ அவரை அழைத்து, வைத்திருந்த நிதித்துறையையே திரும்பக் கொடுத்தார்; கல்வித் துறையும் அவரிடமே இருந்தது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பாது. காமராஜர் ஆளை எடைபோடத் தெரிந்தவர். கட்சியை அவரால் தனியாக நடத்த முடியும். கணக்கை நடத்த அதை அறிந்த ஒருவர் வேண்டும். அதைவிடச் சுவையான ஒன்று அடுத்து நடந்தது. ராஜாஜியின் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று 1954 மே மாதத்தில் அறிவித்த கல்வி அமைச்சர் வேறு யாருமல்லர், ராஜாஜியின் வேட்பாளராக நின்ற இதே சுப்பிரமணியம்தான். ராஜாஜியின் ஆளையே கொண்டு ராஜாஜியின் திட்டத்துக்கு மூடுவிழா நடத்தியதில் காமராஜரின் அரசியல் நுட்பம் தெரிகிறது. சுப்பிரமணியமும் அதை முகம் கோணாமல் செய்தார். அதைச் சந்தர்ப்பவாதம் என்று அன்றைக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். பின்னால் அவர் செய்த வேலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நான் கணக்காளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு மேடைப் பேச்சில் ஆர்வமில்லை. சென்னை மாநிலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அதை இவர் எங்கே செலவிட்டார் என்பதைச் சொல்லுங்கள்.
(வாசகர், பிறை)

பதில்: கணக்காளர் கேட்கும் கேள்விதான் நல்ல கேள்வி. இதைக் கள்ளுக்கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டிஷார் காலத்தில் சென்னை மாகாண அரசின் வருமானத்துக்கு நிலவரியும், கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வையும் பெரிய தூண்கள். 1937 இல் ராஜாஜி முதன்முறை ஆட்சிக்கு வந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கடையை மூடினால் கருவூலத்தில் துளை விழும். அந்தத் துளையை அடைக்க 1939 இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றினார். 1948 இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. ஆக, 1952 இல் சுப்பிரமணியம் பொறுப்பேற்றபோது குடியிலிருந்து வரும் பணம் அவருக்குக் கிடையாது. விற்பனை வரியை நம்பித்தான் அவர் வாழ வேண்டியிருந்தது. அதை ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதிய 1959 ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம் அவருடைய காலத்தில் வந்தது. 1939 சட்டத்தின் இடத்தில் அமர்ந்த அது, பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டு வணிகர்களின் வாயில் புழங்கிய பெயராக நிலைத்தது.

இடையில் மாநிலமே பிரிந்தது. 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திரம் தனியானது. 1956 இல் மொழிவாரி மறுசீரமைப்பில் மலபாரும் தென்கன்னடமும் போய், கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்து சேர்ந்தன. கூட்டுக் குடும்பம் பாகம் பிரிக்கும்போது பாத்திரங்களோடு கடனையும் பிரிக்க வேண்டும் அல்லவா? நிலுவை வரி, ஓய்வூதியம், அணை கட்ட வாங்கிய கடன், அலுவலர்கள் என எல்லாவற்றையும் அவ்விதமே பங்கிட வேண்டியிருந்தது. பட்ஜெட் உரையைவிட இவ்வகை வேலையில்தான் ஒரு நிதியமைச்சரின் பொறுமை சோதிக்கப்படுகிறது.

செலவு என்று வந்தால், கல்வி முதலில் நிற்கிறது. வழக்கமாகக் கல்வி அமைச்சர் கேட்பார், நிதியமைச்சர் இல்லை என்பார். இங்கே இருவரும் ஒருவரே. அதனால் தனக்குத் தானே இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலை அவருக்கு. அல்லது, சொல்ல வேண்டியபோது வேறு யார் மீதும் பழியைப் போட முடியாத நிலை. 1956 இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டமும், ஊர்மக்கள் தாமே பணமும் பொருளும் தந்து பள்ளிக் கட்டடங்களைச் செப்பனிட்ட பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இக்காலத்தவை. இவற்றின் மூளை பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு, முகம் காமராஜர். நிதி, கல்வி என இரு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துக் கையெழுத்திட்டவர் சுப்பிரமணியம். தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956 ஆம் ஆண்டுச் சட்டமும் இவர் அமைச்சராக இருந்தபோது நிறைவேறியதுதான்.

நிதியோடு உணவுத் துறையும் தொடக்கத்தில் அவரிடம் இருந்தது. 1952 இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசி கிடைக்காமல் ஊர் பதறும் என்று அஞ்சியவர்கள் பலர். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை; பதுங்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. விலை சரியாக இருந்தால் விளைந்த நெல் தானாக வெளியே வரும் என்ற பாடத்தை ஓர் இளம் அமைச்சர் அருகிலிருந்து பார்த்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோதுமைக்கு வரும்போது தேவைப்படும்.

கேள்வி: அங்கே மாநில நிதியமைச்சர் என்று ஒருவர் இருக்கிறார். நம் பினாங்கில் அப்படி ஒருவரை நான் கேள்விப்பட்டதே இல்லையே, ஏன்?
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: பதவி இருக்கிறது, தனி ஆள் இல்லை. பினாங்கில் நிதித்துறையை முதலமைச்சரே தம்மிடம் வைத்துக்கொள்வது வழக்கம். ஆண்டிறுதியில் லைட் சாலையிலுள்ள சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்பவரும் அவர்தான்.

ஆனால் பெயரைவிட முக்கியமானது அதிகாரம். சென்னை நிதியமைச்சரின் கையில் விற்பனை வரி இருந்தது. நம் நாட்டில் வருமான வரி, விற்பனை வரி, சுங்கம் எல்லாம் கூட்டரசுக்கு, அதாவது நாட்டின் மத்திய அரசுக்கு, போய்விடுகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சுவது என்னவென்று கூட்டரசு அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் இனம் என்ன தெரியுமா? கள்ளுக்கடை வருமானம். தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் முன்னோர்கள் சம்பள நாளன்று கடையில் கொடுத்த காசில் ஒரு பங்கு மாநிலக் கருவூலத்துக்குப் போனது என்பதை அரசியலமைப்பே எழுதிவைத்திருக்கிறது. கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன, அந்த வாசகம் அப்படியே இருக்கிறது. பட்டியலின் கடைசி இனம் புதையல். கள்ளில் தொடங்கிப் புதையலில் முடியும் அந்தப் பட்டியலில் உண்மையாகப் பணம் தருவது நிலம், சுரங்கம், காடு என்னும் ஓர் இனம்தான். காடும் சுரங்கமும் பெரிதாக இல்லாத பினாங்குக்கு அது நிலம் மட்டுமே.

இதற்கு மேல் கூட்டரசு தரும் மானியங்கள் உண்டு. தலைக்கட்டு மானியம் என்பது மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படுவது. 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் 1,00,000 பேருக்குத் தலைக்கு 72 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் படிநிலைப்படி 10 வெள்ளி 20 காசிலிருந்து 11 வெள்ளி 40 காசு வரை. 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 17 லட்சத்து 40 ஆயிரம் பேர் இருந்த பினாங்குக்கு இந்த வாய்பாட்டைப் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியன் வெள்ளி வருகிறது. ஒரு மாநிலத்தை நடத்த அது எந்த மூலைக்குப் போதும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளலாம். சாலைப் பராமரிப்புக்குத் தனி மானியம் உண்டு. கடன் வாங்கலாம் என்றால், அரசியலமைப்பின் 111 ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: கூட்டரசிடம் வாங்கலாம், அல்லது கூட்டரசு ஒப்பும் வங்கியிடம் ஐந்து ஆண்டுக்கு மிகாமல் வாங்கலாம்.

இதனால் நம் சமூகத்துக்கு ஒரு நேரடி விளைவு உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் கூட்டரசின் பொறுப்பு. பள்ளி நிற்கும் நிலம் மாநிலத்தின் அதிகாரம். பள்ளிக்கோ கோயிலுக்கோ நிலம் கேட்டுப் போகிறவர்கள் கூட்டரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் எத்தனை கதவைத் தட்டினாலும், இறுதியில் மாநில அரசு இயங்கும் கொம்தார் கட்டடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். நிலத்தை விற்றும் பட்டாக் கட்டணம் வாங்கியும் வாழ வேண்டிய ஒரு மாநில அரசு, நிலத்தை இலவசமாகக் கொடுப்பதற்கு ஏன் யோசிக்கிறது என்பதற்கும் விடை அந்தப் பத்தாவது அட்டவணையில்தான் இருக்கிறது. இதைச் சொல்வது அரசுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அன்று; கோரிக்கை எழுதுபவர்கள் எதிரில் இருப்பவரின் பையையும் அறிந்து எழுதினால் நல்லது என்பதற்காக.

கேள்வி: மாநிலத்தில் கணக்குப் பார்த்தவர் நாட்டுக்கே நிதியமைச்சராகும் வழி இங்கேயும் உண்டா?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: ஒருவர் அப்படி ஆகியிருக்கிறார், அதுவும் நம் பினாங்கிலிருந்தே. 2008 முதல் 2018 வரை பினாங்கு முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங், 2018 மே மாதம் நாட்டின் நிதியமைச்சரானார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்த கணக்காளர் அவர்; அரசியலுக்கு முன் வங்கியில் பணியாற்றியவர். 1974 இல் டான் சியூ சின் விலகிய பின், 44 ஆண்டுகள் கழித்து அப்பதவிக்கு வந்த முதல் சீனர் என்ற வகையிலும் அது பேசப்பட்டது. 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்ததால் அவருடைய நிதியமைச்சர் காலம் இரண்டு ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. அதை வைத்து எடைபோடுவது கடினம்.

சென்னையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1957 இல் அமைந்த காமராஜரின் அமைச்சரவையில் மொத்தம் எட்டே பேர். அவர்களில் இருவர் பிற்காலத்தில் இந்திய நிதியமைச்சர்கள் ஆனார்கள்: ஒருவர் சுப்பிரமணியம், மற்றவர் அப்போது தொழில் அமைச்சராக இருந்த ஆர்.வெங்கட்ராமன். ஆனால் இதை ஏணி என்று எண்ணிவிட வேண்டாம். மன்மோகன் சிங் எந்த மாநிலத்திலும் அமைச்சராக இருந்தவர் அல்லர்.

கேள்வி: என் மகள் கணக்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். அரசியல் வேண்டாம், ஆனால் மாநில நிதி அதிகாரி ஆக வேண்டும் என்கிறாள். வழி உண்டா ஐயா?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: உண்டு அம்மா, ஆனால் சுற்றுவழி. மாநிலச் செயலாளர், மாநிலச் சட்ட ஆலோசகர், மாநில நிதி அதிகாரி ஆகிய மூவரும் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் பதவியின் பெயரால் அமரும் அரசு ஊழியர்கள். தேர்தலில் ஆட்சி மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. ஜொகூர், கெடா, கிளந்தான் போன்ற மாநிலங்களுக்குத் தனி அரசுப் பணி உண்டு. பினாங்கில் இவ்வகை உயர் பதவிகளுக்குப் பெரும்பாலும் கூட்டரசின் நிர்வாக, அரசதந்திரப் பணியிலிருந்துதான், அதாவது எல்லோரும் பி.டி.டி. என்று அழைக்கும் பிரிவிலிருந்துதான், அதிகாரிகள் வருகிறார்கள். பட்டம் முடித்ததும் பொதுச் சேவை ஆணையத்தின் வழி அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு, நேர்முகம், பின்பு இந்தான் பயிற்சி நிலையத்தில் பயிற்சி. இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் நல்ல தேர்ச்சி இல்லாமல் வாசற்படி ஏற முடியாது. கணக்காளர் பணி என்று தனிப்பிரிவும் உண்டு. மகள் கணக்கிலேயே இருக்க விரும்பினால் அது பொருத்தம். எந்த வழியானாலும் அந்த நாற்காலியை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: பசுமைப் புரட்சி என்றால் எம்.எஸ்.சுவாமிநாதனும் நார்மன் போர்லாக்கும்தானே? விஞ்ஞானிகளின் உழைப்பில் ஓர் அரசியல்வாதிக்கு எதற்குப் பங்கு?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. விதை விஞ்ஞானிகளுடையது, அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் குட்டைக் கோதுமை விதை 1963 லேயே இந்திய மண்ணுக்கு வந்துவிட்டது. சோதனை வயலில் விளைந்தது உழவனின் வயலுக்கு ஏன் உடனே போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

குட்டைக் கோதுமைக்கு உரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும். கடன் வாங்கி உரம் போட்டவனுக்கு அறுவடையில் விலை விழுந்தால் அவன் அடுத்த பருவம் பழைய விதைக்கே திரும்புவான். அப்போதைய டில்லியின் நினைப்போ நகரத்துக்கு மலிவாக உணவு கிடைக்க வேண்டும் என்பது, அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 என்னும் உணவு உதவித் திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தபோது உள்ளூர் உழவனுக்குக் கூடுதல் விலை எதற்கு என்பது கேள்வி. 1964 ஜூனில் உணவு அமைச்சரான சுப்பிரமணியம் அங்கிருந்துதான் தொடங்கினார். விதையைத் தொடுவதற்கு முன் விலையைத் தொட்டார். எல்.கே.ஜா தலைமையில் குழு அமைந்தது. 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தன. ஒன்று விலையைச் சொல்லும். மற்றது அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். உணவுக் கழகத்தின் தலைமையகம் முதலில் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பதைச் சொன்னால் இன்று பலர் நம்புவதில்லை.

இது ஒரு வேளாண் அமைச்சரின் மூளையில் உதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் தானியம் வெளியே வந்ததை 1952 இல் கண்ட மாநில நிதி, உணவு அமைச்சரின் அனுபவம் இதில் பேசுகிறது என்றே நினைக்கிறேன். எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது என்பதும் இதற்குச் சான்று. நாட்டின் நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அவரும் தமிழர், கூடுதல் விலைக்கும் உர இறக்குமதிக்கான அந்நியச் செலாவணிக்கும் முட்டுக்கட்டை போட்டார். நிதியமைச்சகம் எந்தெந்தக் காரணம் சொல்லி மறுக்கும் என்பதைப் பத்து ஆண்டுகள் தாமே மறுத்துப் பழகியவர் அறிவார். அதனால் அவரை எளிதில் மடக்க முடியவில்லை.

1965 இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அதுவரை உலகில் யாரும் அவ்வளவு விதையை ஒரே முறையில் இறக்குமதி செய்ததில்லை. தோற்றிருந்தால் தலை உருண்டிருக்கும். சிறு உழவர்களின் வயல்களிலேயே செயல்விளக்கம் காட்ட வேண்டும் என்று சுவாமிநாதன் கேட்டதற்குப் பணம் ஒதுக்கினார். டில்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட அரசு பங்களாவின் புல்வெளியைக் கொத்தி அங்கேயும் அந்தக் கோதுமையை விதைத்தார். 1964-65 இல் 12 மில்லியன் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68 இல் 16 மில்லியன் டன்னைத் தாண்டியது.

பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியதும், உரத்தால் மண் களைத்ததும் பின்னால் வந்த செலவுகள். அந்தக் கணக்கையும் அதே பேரேட்டில்தான் எழுத வேண்டும். ஆகவே உங்களுக்கு என் பதில்: சுவாமிநாதனுக்கு உரியதில் ஒரு காசும் குறைக்க வேண்டாம், சுப்பிரமணியத்துக்குத் தனிக் கணக்கு உண்டு.

கேள்வி: 1965 இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது இவர் டில்லியில் நாற்காலியில்தானே இருந்தார்?
(வாசகர், நிபோங் திபால்)

பதில்: இருந்தார், ஆனால் உங்கள் கடிதம் பாதியில் நின்றுவிட்டது. 1965 பிப்ரவரியில் அவரும், டில்லியில் அமைச்சராக இருந்த மற்றொரு தமிழரான ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்ப, அவர் ஏற்க மறுத்தார். சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியை மீண்டும் உரைத்தார். கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ்நாட்டு வாக்காளர்கள் அதை ஏற்கவில்லை. 1967 தேர்தலில் கோபிச்செட்டிப்பாளையம் தொகுதியில் அவர் தோற்றார். தாம் விதைத்த கோதுமை வடக்கே அறுவடைக்கு வந்தபோது அவர் அமைச்சராக இல்லை.

கேள்வி: நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் நிதியமைச்சர் இவர்தான். அதைப் பற்றி நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.
(வாசகர், ஜார்ஜ் டவுன்)

பதில்: திறக்கிறேன். 1971 இல் கிருஷ்ணகிரியில் வென்று டில்லிக்குத் திரும்பிய அவர், 1974 அக்டோபரில் நிதியமைச்சரானபோது விலைவாசி தீப்பிடித்திருந்தது. மொத்த விலை ஏற்றம் 30 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அடுத்த ஆண்டு அது அடங்கியது. நல்ல மழைக்கும், அவருக்கு முன்பிருந்தவர் எடுத்த கடும் நடவடிக்கைகளுக்கும் அதில் பங்குண்டு. கணக்கில் காட்டாத வருமானத்தைத் தாமே முன்வந்து தெரிவிப்பவர்களுக்கான திட்டத்தை 1975 இல் கொண்டுவந்தார். 1976 பட்ஜெட்டில் வருமான வரியின் உச்ச விகிதத்தை 77 விழுக்காட்டிலிருந்து 66 ஆகக் குறைத்தார். நான் சென்ற இதழில் குறிப்பிட்ட கிராம வங்கிகள் 1975 அக்டோபர் 2 ஆம் நாள் ஐந்து இடங்களில் தொடங்கின. இவை நிதியமைச்சராக அவருடைய வரவுப் பக்கம்.

செலவுப் பக்கத்தில், 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்தது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலிருந்தார்கள், அவர் அமைச்சரவையில் இருந்தார். மொழிக்காக 1965 இல் விலகல் கடிதம் எழுதிய கை 1975 இல் எழுதவில்லை. அவர் மீது மதிப்பு வைத்திருக்கும் எனக்கும் அதற்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் விரும்பவில்லை.

கேள்வி: இவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது? பாரத ரத்னா வாங்கினாரா?
(வாசகி, பாகான் செராயில் பிறந்து பினாங்கில் வாழ்பவர்)

பதில்: 1979 இல் சரண் சிங்கின் குறுகிய கால அமைச்சரவையில் பாதுகாப்புத் துறையை ஏற்றார். பின்பு பல ஆண்டுகள் அரசுப் பதவி இல்லை. 1990 இல் மகாராஷ்டிர ஆளுநர் ஆனார். பிரதமர் நரசிம்ம ராவ் செயல்படும் விதத்தைக் குறைகூறித் தனிப்பட்ட முறையில் அவர் பேசியது பத்திரிகையில் வெளிவந்துவிட, 1993 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 82, இன்னும் சில நாளில் 83. அந்த வயதில் சொன்னதை மறுத்துவிட்டு ஆளுநர் மாளிகையிலேயே இருந்திருக்கலாம்.

பாரத ரத்னா 1998 இல் கிடைத்தது. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் அதே ஆண்டில்தான். சுப்பிரமணியத்தைத் தோற்கடித்து, பின்பு கருவூலச் சாவியையும் கொடுத்த காமராஜருக்கு அந்த விருது 1976 இல், மறைந்த பிறகு வழங்கப்பட்டது. அப்போது நாட்டின் நிதியமைச்சர் சுப்பிரமணியம். 2000 நவம்பர் 7 ஆம் நாள் சென்னையில், 90 வயதில் அவர் காலமானார்.